தேசிங்கு ராஜனும் தொலைந்த ரீலும்!

"இன்னாடா இது நெத்தியில... டார்ச் லைட்டா?"

2024 காணும் பொங்கல் அன்று, செஞ்சிக் கோட்டை வாசலில் என்னைப் பார்த்து அப்பா கேட்ட கேள்வி. டார்ச் லைட் இல்லை, ஆக்‌ஷன் கேமரா. தம்பி மகன் சென்னையிலிருந்து கொண்டுவந்து, "பெரியப்பா, பட்டனை ஒரு தடவை அமுக்குங்க. அப்புறம் அது பாட்டுக்கு ஓடும்" என்று பட்டை போட்டு என் நெற்றியில் கட்டிவிட்டிருந்தான். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. காணும் பொங்கல் கூட்டம் மொத்தமும் என்னைத்தான் வேடிக்கை பார்த்தது. மண்டபத்து மேலிருந்த ஒரு குரங்கு மட்டும் ரொம்ப நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, தின்கிற சாமான் இல்லை என்று தெரிந்ததும் அலட்சியமாகத் திரும்பிக்கொண்டது.

ராஜகிரி சுமார் 800 அடி உயரம். அப்பாவுக்கு வயது 78. "மேல எல்லாம் நீங்க போங்கடா" என்று கல்யாண மகால் நிழலில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தவர் சும்மா இருக்கவில்லை. பேரப் பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து தேசிங்கு ராஜன் கதையை ஆரம்பித்துவிட்டார். 1714-ல் ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கானை எதிர்த்து, சின்ன வயசிலேயே உயிரை விட்ட தேசிங்கு! அப்பா சொன்னால் குதிரைக் குளம்புச் சத்தம்கூடக் கேட்கும். முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. நெற்றிக் கேமரா எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் கொட்டினேன். அங்கேதான் வந்தது வினை.

அப்பா பேசியது ஒரே மூச்சாக. ஆனால், கம்ப்யூட்டரில் நாலு ஃபைல். பேரைப் பாருங்கள்: ஜிஎச்010034, ஜிஎச்020034, ஜிஎச்030034, ஜிஎச்040034! நான் என்ன நினைத்தேன் தெரியுமா? 'கடைசி நாலு நம்பர் எல்லாத்துக்கும் 0034-தானே... ஒரே படம் நாலு தடவை ஏறிடுச்சு போல!' ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட நாலு ஜிபி. இடத்தை அடைக்குதே என்று ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மிச்ச மூன்றையும் அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். கேமரா கார்டையும் சுத்தமாகத் துடைத்தேன். சுத்தம் சோறு போடும் இல்லையா!

அதற்கப்புறம் அதைத் திறந்து பார்க்கவே இல்லை. 2025 பிப்ரவரியில் அப்பா போய்ச் சேர்ந்தார்.

அதே வருஷம் ஜூலை 11. மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிராவில், மிச்சம் ஒன்று நம்ம செஞ்சி! ஊரே கொண்டாட்டம். பெங்களூரிலிருந்து தங்கச்சி போன் பண்ணினாள். "அப்பா இருந்திருந்தா எப்படித் துள்ளியிருப்பாரு! அந்தத் தேசிங்கு கதை வீடியோ இருக்கில்ல அண்ணா? அனுப்பேன்..."

போட்டேன். அப்பா வந்தார், கணீரென்று பேசினார். "தேசிங்கு குதிரையில ஏறி உக்காந்தான் பாரு..." — டக்! படம் நின்றுவிட்டது. பத்து நிமிஷம்தான். தேசிங்கு இன்னும் கோட்டையைவிட்டே கிளம்பவில்லை.

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. தம்பி மகனைக் கூப்பிட்டேன். அவன் தலையில் அடித்துக்கொண்டு விளக்கினான்.

கோப்ரோ வகைக் கேமராக்கள் நீளமான படத்தை ஒரே ஃபைலாக வைப்பதில்லை. பெரும்பாலும் நாலு ஜிபி ஆனதும் வெட்டி, அடுத்ததை ஆரம்பிக்கும். படத்தின் தரத்தைப் பொறுத்து இது ஏறத்தாழப் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் நடக்கும். பேரில் முதல் இரண்டு எழுத்து, படத்தைச் சுருக்கிய முறையைச் சொல்லுகிறது. நடுவில் உள்ள 01, 02 என்பது எத்தனையாவது ரீல். கடைசி நாலு இலக்கம்தான் படத்தின் நம்பர். ஆக, கடைசி நம்பர் ஒன்றாக இருந்தால் 'காப்பி' இல்லை, தொடர்ச்சி!

இன்னொரு கூத்து. பேர் வரிசையில் அடுக்கினால் 34-ஆம் படத்தின் முதல் ரீல், 35-ஆம் படத்தின் முதல் ரீல், அப்புறம்தான் 34-இன் இரண்டாம் ரீல்! டூரிங் டாக்கீஸ் ஆபரேட்டர் இரண்டு படத்தைக் கலந்து ஓட்டின மாதிரி, மலை ஏறுவதற்குள் இறங்கிக்கொண்டிருப்போம்.

"சரிடா, போனது போனதுதானா?" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"இருங்க பெரியப்பா... இந்த எல்ஆர்வி ஃபைலை எல்லாம் அழிச்சீங்களா?"

"அது தொறக்கவே இல்லை. சின்னதா இருக்குதேன்னு விட்டுட்டேன்."

பையன் நாற்காலியிலிருந்து குதித்தான்! போனில் சட்டென்று பார்ப்பதற்காக, ஒவ்வொரு ரீலுக்கும் கேமரா தானாகவே ஒரு மட்டரக நகல் எடுத்து வைக்குமாம். அதுதான் எல்ஆர்வி. பேரின் வாலில் இருந்த 'எல்ஆர்வி'யை எடுத்துவிட்டு 'எம்பி4' என்று மாற்றினான். கொஞ்சம் மங்கல்தான். ஆனால் அப்பா இருந்தார். குரல் பிசிறில்லாமல் இருந்தது. தேசிங்கு கிளம்பிவிட்டான்!

அன்றைக்கு ராத்திரியே பையன் சட்டம் போட்டான். உங்களுக்கும் உதவும், குறித்துக்கொள்ளுங்கள்:

* படம் எடுக்குமுன் கேமராவில் தேதி, நேரம் சரியா பாருங்கள். பேட்டரி தீர்ந்து ரொம்ப நாள் கிடந்தால் கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விடும்.

* ஒவ்வொரு நாளுக்கும் தனி ஃபோல்டர். பேரில் வருஷம் முதலில், அப்புறம் மாதம், அப்புறம் நாள். நம் வழக்கப்படி நாளை முன்னால் போட்டால், பொங்கல் 17-ம் ஆடி 17-ம் பக்கத்துப் பக்கத்தில் வந்து உட்காரும். 1988-லேயே உலகத் தர நிர்ணயமும் வருஷத்தைத்தான் முதலில் வைத்தது.

* பேரில் இடம், ஆள், பழைய நம்பர், ரீல் நம்பர் எல்லாம் இருக்கட்டும். எங்களுடையது: 2024-01-17_செஞ்சி_அப்பா-தேசிங்கு-கதை_0034-02. பழைய நம்பரைத் தூக்கி எறிந்தால் எதன் தொடர்ச்சி எது என்று தெரியாது.

* இரண்டு வேறு இடத்தில் நகல் வைத்து, இரண்டையும் கடைசிவரை ஓட்டிப் பார்த்த பிறகுதான் கார்டைத் துடைக்க வேண்டும்.

பேர் விஷயத்தில் எங்க ஊரும் லேசுப்பட்டதில்லை. பீஜப்பூர்காரர்கள் இதை 'பாதுஷாபாத்' என்றார்கள். 1677-ல் சிவாஜி பிடித்தார். மராட்டியருக்கு இது 'சண்டி'. 1698-ல் முகலாயர் கைக்கு வந்ததும் 'நுஸ்ரத்கட்'. வெள்ளைக்காரனுக்கு 'ஜிஞ்சி'. இத்தனை தடவை பேர் மாற்றியும் கோட்டை தொலையவில்லை. மூன்று மலைமேல் உட்கார்ந்திருக்கிறது, எங்கே போகும்? அப்பாவின் குரல் அப்படியா? ஒரு பட்டன் தூரம்தான்.

நாலாவது ரீலை அன்றைக்குக் குடும்பமே உட்கார்ந்து பார்த்தோம். தேசிங்கு சாய்ந்துவிட்டான். பிள்ளைகள் பேச்சில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நேராக என் நெற்றியைப் பார்க்கிறார்.

"போதும்டா... அந்தப் பொட்டியைக் கழட்டு. உனக்குத் தலைவலி வந்துடப் போவுது."