ஆர்கன் பெட்டிக்குள் ஓசையற்ற கணிப்பொறி

ஆர்மோனியத்தை அருகிலிருந்து கேட்டவர்கள், சுரங்களோடு அதன் துருத்தி விடும் மூச்சையும் கேட்டிருப்பார்கள். காற்றால் இயங்கும் இசைக்கருவிகளுக்கு இது பழைய சங்கடம். சென்னை எழும்பூரில் புனித ஆந்திரேயா ஆலயத்திலே 1883-இல் நிறுவப்பெற்ற குழாய் ஆர்கன் ஒன்று உண்டு. இத்தகைய ஆர்கன்களுக்குக் காற்றூட்டும் எந்திரத்தை மேனாட்டு ஆலயங்கள் பலவற்றில் தனி அறையிலோ நிலவறையிலோ வைப்பார்கள். எந்திர இரைச்சல் இசையோடு கலக்கலாகாது அல்லவா?

இக்காலத்தில் குழாய்களே இல்லாத ஆர்கன்களும் வந்துவிட்டன. பழைய ஆர்கன் ஒன்றின் குழாய்களைத் தனித்தனியே ஒலிக்கச் செய்து பதிவு செய்துகொள்கிறார்கள். அப்பதிவுகள் கணிப்பொறியின் நினைவகத்தில் ஏற்றி வைக்கப்பெறுகின்றன. வாசிப்பவர் அழுத்திய கட்டை எது என்பதை, 1983-இல் வகுத்த மிடி என்னும் குறிமுறை தெரிவிக்கிறது. ஹாப்ட்வெர்க், கிராண்ட்ஆர்க் போன்ற மென்பொருள்கள் அதற்குரிய குழாயின் ஒலியை உடனே எழுப்புகின்றன. குழாய் நின்ற பின்னரும் கல் ஆலயத்துள் சுழன்று சுழன்று தேயும் எதிரொலிகூடப் பதிவில் அடங்கியிருக்கும். இந்த ஆர்கனின் உயிரே அதுதான் என்பேன். கணிப்பொறி விசிறியின் சீறல் முதலில் விழுங்குவதும் அதையேதான். தனி அறையில் இருந்த எந்திரம் வாசிப்பவரின் முழங்காலருகே வந்து அமர்ந்துவிட்டது!

முதுகுளத்தூரில் என் நண்பர் வீட்டில், மின் உறுப்புகள் பழுதான பழைய ஆர்கன் ஒன்றின் மரப்பெட்டிக்குள் கணிப்பொறியைப் பொருத்த முனைந்தோம். மேனாட்டார் வழியைப் பின்பற்றி, விசிறியே இல்லாத கணிப்பொறியை வைத்தோம். மாசியில் அருமையாக ஒலித்தது. சித்திரை பிறந்தது, இரு கைகளும் கால்களும் சேர்ந்து வாசிக்கும் இடங்களில் ஒலி அறுந்து அறுந்து வந்தது.

காரணம் எளிய கணக்கு. கணிப்பொறியின் மூளைச் சில்லு 50 வாட் வெப்பம் வெளியிடுகிறது. அதன்மேலுள்ள உலோகத் தகடுகள் வாட்டுக்கு ஒரு டிகிரி வீதம் சூடேறுகின்றன என்று கொள்வோம். சுற்றியுள்ள காற்றைவிடச் சில்லு 50 டிகிரி மிகும். இலண்டனில் அறை 20 டிகிரி எனில், சில்லு 70. எங்கள் ஊரில் அறையே 38, மூடிய பெட்டிக்குள் 48, சில்லு 98! அந்த நிலையில் அது தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். ஒலி பின் எப்படித் தொடரும்?

ஆகவே விசிறி தேவைதான். எத்தகைய விசிறி என்பதே கேள்வி. வேகம் பாதியானால் இரைச்சல் ஏறத்தாழ 15 டெசிபல் தாழும், காற்றும் பாதியாகும். விட்டம் இரட்டித்தாலோ அதே வேகத்தில் எட்டு மடங்கு காற்று வரும். எனவே 140 மில்லிமீட்டர் விசிறி ஒன்றை மிக மெல்லச் சுழலவிட்டு, பெட்டியின் பின்புறம் கீழே காற்று நுழையவும் மேலே வெளியேறவும் வழி அமைத்தோம். விசிறியை மரத்தில் நேரே முடுக்கினால் வீணைக் குடம்போலப் பெட்டி முழுவதும் அதிரும். இடையே ரப்பர் வைத்தோம். கரிசல் புழுதிக்கு ஒரு வலைத் துணி. மாதந்தோறும் அதை அலச வேண்டும். அடைத்துக்கொண்டால் மீண்டும் பழைய கதைதான்.

அன்றிரவு பெட்டியின்மேல் காதை வைத்துக் கேட்டேன். கூரையில் சுழன்ற மின்விசிறியின் ஓசைதான் கேட்டது. அதை நிறுத்தலாமா என்றேன். "நீங்கள் கேட்பதற்கு நிறுத்தலாம், நான் வாசிப்பதற்கு முடியாது ஐயா" என்றார் நண்பர், வியர்வையைத் துடைத்தபடி.