ஆயா இருக்கும் அறைக்கு வெளிச்சம் வரட்டும்

சாயங்காலமானால் தொடங்கும் தவிப்பு

மறதி நோய் வந்த பெரியவர்கள் இருக்கும் வீடுகளுக்கு மாலை நான்கரை மணி தெரியும். அதுவரை சும்மா உட்கார்ந்திருந்த ஆயா எழுந்துகொள்வார். கொடியில் கிடக்கும் துணியை உருவி மடிப்பார், முந்தானையில் நாலு காசை முடிந்துகொள்வார், "எங்க வீட்டுக்குப் போறேன், கதவைத் தொற" என்பார். "இதுதாம்மா உன் வீடு" என்று மகள் எத்தனை தடவை சொன்னாலும் மனதில் ஏறாது. ராத்திரி இரண்டு மணிக்கு அடுப்படியில் பாத்திரம் உருளும். மறுநாள் பகல் முழுக்க நாற்காலியில் தூங்கி வழிவார். இதைப் பிடிவாதம் என்று நினைத்துத் திட்டுபவர்கள் உண்டு. பாவம், அவருக்குப் பகலும் இரவும் பிடிபடாமல் போய்விட்டது.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேர், ஏறக்குறைய 88 லட்சம் பேர், டிமென்ஷியா என்னும் இந்த மறதி நோயுடன் வாழ்வதாக 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு கணக்கிட்டது.

கண்ணுக்கு இன்னொரு வேலை

தூக்கத்தையும் விழிப்பையும் முறைப்படுத்தும் கடிகாரம் மூளையின் அடிப்பகுதியில், ஹைப்போதலாமஸில் இருக்கிறது. அதற்கு நேரம் சொல்வது வெளிச்சம். பார்ப்பதற்கென்று இல்லாமல், வெளிச்சத்தின் அளவை மட்டும் உணர்ந்து இந்தக் கடிகாரத்துக்குச் செய்தி அனுப்பும் தனி அணுக்கள் விழித்திரையில் இருப்பது 2002-ல்தான் உறுதியானது. டிமென்ஷியாவின் முக்கிய வகையான அல்சைமர் நோய் இந்தக் கடிகாரத்தின் நரம்பணுக்களையும் அரிக்கிறது. போதாக்குறைக்கு, வயதாக ஆகக் கண்மணி சுருங்குகிறது, விழிவில்லை மஞ்சளாகிறது. புரையும் சேர்ந்தால் உள்ளே போகும் வெளிச்சம் இன்னும் குறையும். "இந்த வயசுல கண் ஆபரேஷன் எதுக்கு?" என்று தள்ளிப்போடாதீர்கள். கவனிக்காமல் விட்ட பார்வைக் குறைபாடு டிமென்ஷியா அபாயத்தைக் கூட்டும் காரணங்களில் ஒன்றாக 2024-ல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையமும் சேர்த்திருக்கிறது.

நெதர்லாந்தில் செய்து பார்த்தது

அங்கே 12 முதியோர் இல்லங்களில், பெரும்பாலும் டிமென்ஷியா உள்ள 189 பேரை வைத்து நடந்த ஆய்வு 2008-ல் வெளியானது. சில இல்லங்களின் பொதுக்கூடத்தில் பகல் முழுவதும் சுமார் 1,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் கிடைக்கும்படி கூரை விளக்குகளைப் பொருத்தினார்கள். மற்றவற்றில் 300 லக்ஸ் அளவிலேயே விட்டார்கள். சிலரை மூன்றரை ஆண்டு வரை தொடர்ந்து கவனித்தார்கள். நல்ல வெளிச்சத்தில் இருந்தவர்களுக்கு அறிவாற்றல் சரிவு 5 சதவீதம் குறைந்தது. மனச்சோர்வின் அறிகுறிகள் 19 சதவீதம் குறைந்தன. அன்றாட வேலைகளைச் செய்யும் திறன் குறையும் வேகமும் மட்டுப்பட்டது.

இதைப் பெரிய அற்புதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். போன நினைவு வெளிச்சத்தால் திரும்பி வராது. அதுவரை வந்த ஆய்வுகளை 2014-ல் அலசிய, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வு, ஒளிச் சிகிச்சையைப் பரிந்துரைக்கும் அளவுக்கு ஆதாரம் போதாது என்றே சொன்னது. ஆனாலும் பக்கவிளைவு குறைந்த, காசு செலவில்லாத ஒரு வழியைச் செய்து பார்க்காமல் விடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

வெயில் வெளியே, பெரியவர் உள்ளே

ஆம்ஸ்டர்டாமில் டிசம்பர் மாதப் பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. அவர்களுக்கு விளக்கு தேவைப்படுகிறது. பழவேற்காடு ஏரியை ஒட்டிய தடாவில் குளிர்காலத்திலும் பதினொரு மணி நேரத்துக்கு மேல் பகல் உண்டு. இருந்தும் நம் பெரியவர்களுக்கு அது எட்டுவதில்லை. மகன் பக்கத்துத் தொழில்நகரமான ஸ்ரீசிட்டிக்குப் போகும் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க விடியற்காலையிலேயே கிளம்பிவிடுவார். மருமகளுக்கும் வேலை இருக்கும். ஆயா வழிதவறி ஹைவேயில் ஏறிவிடுவாரோ என்ற பயத்தில் கதவைத் தாழிடுகிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் ஜன்னலைச் சாத்தித் திரை போட்ட அறையில் 100 லக்ஸ்கூடத் தேறாது; வாசலில், நேர்வெயில் படாத நிழலிலேயே பல ஆயிரம் லக்ஸ் கிடைக்கும்.

ஆகவே வேலைக்குக் கிளம்புமுன் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஏழு மணிவாக்கில் திண்ணையிலோ வேப்பமர நிழலிலோ நாற்காலி போட்டு, கிழக்கே பார்த்து உட்கார வையுங்கள். சூரியனை நேராகப் பார்க்க வேண்டியதில்லை. காபியை அங்கேயே கொடுங்கள், கீரை ஆய, பூக்கட்ட ஏதாவது கையில் கொடுங்கள். சும்மா இருந்தால் எழுந்து போய்விடுவார். சித்திரை, வைகாசியில் எட்டு மணிக்குள் உள்ளே அழைத்து வந்துவிட வேண்டும், தண்ணீர் மறக்கக் கூடாது. பகலில் அவர் நாற்காலியை ஜன்னலோரம் நகர்த்துங்கள். சாயங்காலம் நிழல் நீளுமுன்னே வீட்டு விளக்குகளைப் போட்டுவிட்டால் மிரட்சி குறையும். ராத்திரி படுக்கைக்கும் கழிப்பறைக்கும் நடுவில் மங்கிய மஞ்சள் விளக்கு ஒன்று போதும். டிவியும் செல்போனும் அணையட்டும்.

டாக்டரிடம் எப்போது?

10,000 லக்ஸ் விளக்குப் பெட்டிகள் ஆன்லைனில் கிடைக்கின்றன. விழித்திரை நோயோ, வெறியெழுச்சி வரும் மனநோயோ, வெயிலுக்குத் தோல் தடிக்கச் செய்யும் மருந்தோ இருந்தால் கேட்காமல் வாங்காதீர்கள்.

நேற்றுவரை சுமாராக இருந்தவர் ஓரிரு நாளில் திடீரென்று குழம்பினால் அதற்கு வெளிச்சம் மருந்தாகாது. சிறுநீர்த் தொற்று, உப்புச் சத்துக் குறைவு, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மாத்திரை என எதுவும் காரணமாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும். தடாவிலிருந்து ரயிலேறினால் சென்னை. மறுபக்கம் திருப்பதியில் சுவிம்ஸ் மருத்துவமனை. முதியோர் உதவிக்கு 14567, கவனித்துக்கொள்பவர் மனம் தளர்ந்தால் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, இரண்டுமே இலவச எண்கள்.