ரசிகரின் கடமை பார்ப்பதோடு முடிவதில்லை

ஒரு படம் பார்க்கிறோம். பிடித்துவிட்டால் நாலு பேரிடம் சொல்கிறோம். அத்துடன் ரசிகரின் வேலை முடிந்துவிட்டதா? இல்லை என்பதைச் செயலில் காட்டியவர் அமெரிக்க இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செசி. 'டாக்ஸி டிரைவர்' (1976) தந்த இவர் முதலில் ஒரு ரசிகர். அதன் பிறகே இயக்குநர்.

வீடு தேடி வந்த உலகம்

1942ஆம் ஆண்டு நியூயார்க்கில் பிறந்த ஸ்கோர்செசிக்குச் சிறு வயதிலேயே ஆஸ்துமா. ஓடியாடி விளையாட முடியாத பிள்ளையைப் பெற்றோர் படம் பார்க்க அழைத்துச் சென்றனர். தாத்தா, பாட்டி இத்தாலியின் சிசிலித் தீவிலிருந்து குடியேறியவர்கள். வெள்ளிக்கிழமை இரவுகளில் உள்ளூர்த் தொலைக்காட்சி இத்தாலியப் படங்களை ஒளிபரப்பும். குடும்பமே கூடி அமர்ந்து பார்க்கும்.

ரொசெல்லினியின் 'பைசா' (1946) போர்க்காலச் சிசிலியில் தொடங்கும் படம். தாங்கள் விட்டுவந்த மண்ணைத் திரையில் கண்டு பெரியவர்கள் உணர்ச்சிவசப்பட்டதைச் சிறுவன் கவனித்தான். டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' (1948) படத்தில் ஓர் ஏழைத் தொழிலாளியின் சைக்கிள் திருடு போகிறது. மகனுடன் ரோம் நகரத் தெருக்களில் அதைத் தேடி அலைகிறார். கதை அவ்வளவுதான். ஆனால் அந்தத் தவிப்பு எந்த மொழிக்காரருக்கும் புரியும். தாத்தா பாட்டியின் அருகில் அமர்ந்து கறுப்பு வெள்ளைப் படம் பார்த்து வளர்ந்த நம்மவர்களுக்கும் இந்த அனுபவம் புதிதல்ல.

சத்யஜித் ரேயின் 'பதேர் பாஞ்சாலி' (1955) படத்தையும் அவர் முதலில் பார்த்தது தொலைக்காட்சியில்தான். ஆங்கிலக் குரல், நடுநடுவே விளம்பரங்கள். அப்படியிருந்தும் வங்காளக் கிராமத்துக் குடும்பம் அவர் மனத்தை விட்டு அகலவில்லை.

படத்துக்கும் முதுமை உண்டு

படச்சுருள் என்றும் அழியாதது என்று பலரும் நினைக்கிறோம். உண்மை வேறு. தொடக்க காலச் சுருள்கள் எளிதில் தீப்பற்றும் பொருளால் ஆனவை. பின்னர் வந்த சுருள்கள் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் சிதைந்து புளித்த காடி வாடை வீசும், சுருங்கும், பூஞ்சணம் பிடிக்கும். வண்ணப் படங்களோ நிறம் வெளுத்துப் போகும். அமெரிக்காவின் மௌனப் படக் காலத்து முழுநீளப் படங்களில் சுமார் 70 விழுக்காடு அழிந்துவிட்டதாக அந்நாட்டு நாடாளுமன்ற நூலகம் 2013இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது.

இதைக் கண்டு ஸ்கோர்செசி சும்மா இருக்கவில்லை. 1990இல் ஸ்பீல்பெர்க், ஜார்ஜ் லூகாஸ் முதலிய இயக்குநர்களுடன் சேர்ந்து 'ஃபிலிம் ஃபவுண்டேஷன்' என்ற அறநிறுவனத்தைத் தொடங்கினார். சிறுவனாகத் தந்தையுடன் பார்த்து மயங்கிய 'தி ரெட் ஷூஸ்' (1948) படத்தின் மூலச் சுருள்களைப் பூஞ்சணம் அரித்திருந்தது. அதுவும் சீரமைக்கப்பட்டு 2009இல் கான் விழாவில் திரையேறியது.

நம் வட்டாரத்துக்கும் பயன்

பணக்கார நாடுகள் தங்கள் படங்களைக் காத்துக்கொள்ளும். மற்ற நாடுகளின் படங்களுக்கு யார் துணை? அதற்காக 2007இல் உலக சினிமாவுக்கென்றே தனித் திட்டம் பிறந்தது. ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா என்று பல பகுதிகளின் படங்கள் இதனால் மறுவாழ்வு பெற்றன.

இந்தோனேசிய இயக்குநர் உஸ்மார் இஸ்மாயிலின் 'லெவாட் ஜாம் மாலாம்' (1954) அவற்றில் ஒன்று. விடுதலைப் போர் முடிந்து வீடு திரும்பும் வீரன் புதிய வாழ்க்கையில் ஒட்ட முடியாமல் தவிக்கும் கதை. சிங்கப்பூர் தேசிய அரும்பொருளகமும் இத்திட்டமும் கைகோத்து இதைச் சீரமைத்தன. 2012இல் கான் விழாவில் படம் மீண்டும் திரை கண்டது.

அதே ஆண்டு அதே விழாவில் காட்டப்பட்ட மற்றொரு படம் உதயசங்கரின் 'கல்பனா' (1948). இதுவும் இத்திட்டத்தால் மீட்கப்பட்டதே. சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் உருவான இந்த நாட்டியப் படத்தில்தான் இளம் பத்மினி திரைக்கு அறிமுகமானார். நாட்டியப் பேரொளியின் முதல் அடிகள் இன்று காணக் கிடைப்பதற்கு எங்கோ நியூயார்க்கில் இருந்த ஒரு ரசிகரும் காரணம்.

நாம் அறநிறுவனம் தொடங்க வேண்டியதில்லை. மாதம் ஒருமுறையாவது வேற்று மொழிப் படம் ஒன்றைப் பிள்ளைகளோடு அமர்ந்து பார்க்கலாம். திரையின் கீழே ஓடும் மொழிபெயர்ப்பு வரிகள் ஐந்து நிமிடத்தில் பழகிவிடும். அலமாரியில் தூசு படியும் குடும்ப ஒளிநாடாக்களையும் கெட்டுப்போகும் முன் கணினியில் பதிவு செய்து வைக்கலாம். பாட்டியின் குரல் அதில்தான் இருக்கிறது.