செடிக்கும் உண்டு எதிர்ப்பு சக்தி!

வெங்காயம் நறுக்கும்போது கண்ணில் தண்ணீர் கொட்டுகிறதே, ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? முழு வெங்காயத்தை மூக்கருகே வைத்துக்கொண்டாலும் ஒன்றும் ஆகாது. கத்தி பட்டதும்தான் அந்தக் காரநெடி கிளம்புகிறது. கடுகும் அப்படித்தான். முழுசாக வாயில் போட்டால் சாது. கடித்தால் சுள்!

இந்தக் காரம் நமக்காக உண்டானதல்ல. தன்னைக் கடிக்க வரும் பூச்சி, புழுக்களை விரட்ட செடி தயாராக வைத்திருக்கும் ஆயுதம் அது. இரண்டு பொருள்களைத் தனித்தனி அறைகளில் பூட்டி வைத்திருக்கிறது. கடிபட்டு அறை உடைந்தால் இரண்டும் கலந்து காரமாகிவிடும்.

ஆக, செடிகள் வாயில்லா ஜீவன்கள்தான். ஆனால் கையாலாகாதவை அல்ல!

கடித்தால் மணி அடிக்கும்

1972-ல் அமெரிக்காவில் கிளாரன்ஸ் ரயன் என்ற விஞ்ஞானியும் அவருடன் பணியாற்றியவரும் தக்காளி, உருளைக்கிழங்குச் செடிகளில் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். ஒரு இலையை வண்டு கடித்தால், கடிபடாத மற்ற இலைகளிலும் ஒரு பொருள் சுரக்கிறது. அதைத் தின்ற பூச்சிக்குப் புரதம் செரிக்காது. வயிறு கெட்ட பூச்சி எப்படி வளரும்?

அப்படியானால், கடிபட்ட சேதி மற்ற இலைகளுக்கு எப்படிப் போகிறது? இதில் முக்கியமான தூதுவனின் பெயர் ஜாஸ்மோனிக் அமிலம். பெயரிலேயே மல்லிகை இருக்கிறது பாருங்கள்! இதன் நெருங்கிய உறவான வாசனைப் பொருளை முதலில் பிரித்தெடுத்தது நம் ஜாதிமல்லி இனப் பூவின் எண்ணெயிலிருந்துதான். 1990-ல் ரயன் குழுவினர் இன்னொரு சோதனை செய்தார்கள். மரிக்கொழுந்தின் உறவுக்காரச் செடி ஒன்றையும் தக்காளிச் செடியையும் ஒரே மூடிய பெட்டிக்குள் வைத்தார்கள். முதல் செடியிலிருந்து காற்றில் வந்த அந்த வாசனையே போதுமாக இருந்தது. பூச்சி எதுவும் கடிக்காமலே தக்காளி உஷாராகிவிட்டது!

நோய்க்கிருமிகளுக்கு வேறு தூதுவன். அதன் பெயர் சாலிசிலிக் அமிலம். தலைவலிக்குப் போடுகிறோமே ஆஸ்பிரின், அதன் சொந்தக்காரன். 1979-ல் இங்கிலாந்தில் புகையிலை இலைக்குள் ஆஸ்பிரின் கரைசலைச் செலுத்திப் பார்த்தார்கள். வைரஸ் நோய்ப் புள்ளிகள் குறைந்தன. (அதற்காக மாத்திரையைக் கரைத்துத் தொட்டியில் ஊற்றக் கிளம்பிவிடாதீர்கள். அளவு கூடினால் இலை கருகிவிடும்!)

தடுப்பூசி மாதிரி...

எதிர்ப்புப் பொருளைத் தயாரிக்க செடிக்குச் செலவு உண்டு. எப்போதும் அதையே செய்துகொண்டிருந்தால் பூப்பதும் காய்ப்பதும் எப்போது? அதனால்தான் ஆபத்து வரும்வரை சும்மா இருக்கிறது. அதற்குள் பூச்சி பெருகிவிட்டால் செடி தோற்றுவிடும்.

குழந்தைக்கு நோய் வருமுன் தடுப்பூசி போடுகிறோம் அல்லவா? செடிக்கும் அப்படி ஒரு வழி உண்டு. வேரோரம் வாழும் சில நல்ல பாக்டீரியாக்கள் செடியை லேசாகத் தட்டி எழுப்பி, தயார் நிலையில் வைக்கின்றன. 1991-ல் நெதர்லாந்திலும் அமெரிக்காவிலும் இது நிரூபிக்கப்பட்டது. நம் கோவை வேளாண் பல்கலைக்கழகமும் இவற்றை ஆராய்ந்து, 'சூடோமோனாஸ்' என்ற பாக்டீரியாவைப் பொடியாகத் தயாரித்து விவசாயிகளிடம் கொண்டு சேர்த்திருக்கிறது.

நமக்கு என்ன லாபம்?

சந்தையில் ஒரு சொத்தைகூட இல்லாத கத்தரிக்காய்தான் வேண்டும் என்று பொறுக்குகிறோம். அந்தப் பளபளப்புக்காக எத்தனை முறை மருந்து அடித்தார்களோ, யார் கண்டது? மேலாக ஒட்டியிருக்கும் மருந்து கழுவினால் ஓரளவு போகும். செடிக்குள் ஊடுருவும் மருந்து காய்க்குள்ளேயே இருக்கும்; எத்தனை முறை அலசினாலும் போகாது. மானோகுரோட்டோபாஸ் என்ற மருந்தைக் காய்கறிகளில் அடிக்கக் கூடாது என்று அரசே 2005-ல் தடை போட்டது இதனால்தான்.

செடியின் சொந்த சக்தியை வளர்த்தால் மருந்து அடிக்கும் தேவை குறையும். மொட்டை மாடியில் நாலு தொட்டி வைத்திருப்பவர்கள்கூட இதைச் செய்யலாம்.

நீங்கள் செய்யவேண்டியது

* யூரியாவை அள்ளிக் கொட்டாதீர்கள். இலை பச்சைப்பசேல் என்று தளதளப்பாக வளரும்; அசுவினிக்கும் அதுதான் விருந்து! நெல் வயலில் யூரியா கூடினால் புகையான் பெருகுவது விவசாயிகளுக்குத் தெரிந்த கதை. மட்கிய தொழு உரம், மண்புழு உரம் போதும்.

* நெருக்கி நடாதீர்கள். வெயில் கிடைக்காமல் ஒன்றையொன்று மறைத்து நிற்கும் செடி, உயரமாக வளர்வதிலேயே சக்தியைச் செலவழிக்கும். எதிர்ப்பு குறைந்துவிடும்.

* சூடோமோனாஸ் பொடி உரக்கடைகளில் கிடைக்கிறது. ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் கணக்கு. வீட்டில் நாலு விதைக்கு ஒரு சிட்டிகை போதும். லேசாக ஈரப்படுத்திய விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தி விதையுங்கள். தொட்டியில் போடுவதென்றால் மட்கிய எருவோடு கலந்து போடுங்கள். அது உயிருள்ள பொருள். வெயிலில் வைக்காதீர்கள், ரசாயன மருந்தோடு கலக்காதீர்கள், தேதி பார்த்து வாங்குங்கள்.

* பொறிவண்டைக் கொல்லாதீர்கள். அசுவினியைத் தின்னும் நண்பன் அது. புழு கடித்த செடி ஒரு வாசனையை விட்டு, அந்தப் புழுவைத் தாக்கும் குளவிகளைக் கூப்பிடுவதும் உண்டு. கண்ட மருந்தையும் அடித்தால், கூப்பிட்ட குரலுக்கு வர யாரும் இருக்க மாட்டார்கள்!

ஒன்றை மறக்கக் கூடாது. இதெல்லாம் வருமுன் காக்கும் வழிதான். வந்த பின் தீர்க்கும் மருந்தல்ல. கத்தரியின் குருத்து வாடித் தொங்கினால் உள்ளே புழு புகுந்துவிட்டது என்று அர்த்தம். தாமதிக்காமல் கிள்ளி அழித்துவிட வேண்டியதுதான்.

இனி காய் வாங்கப் போகும்போது, ஓரத்தில் ஒரு பூச்சிக்கடி இருந்தால் முகம் சுளிக்காதீர்கள். கடிபட்ட இடத்தை நறுக்கி எறிந்துவிடலாம். உள்ளே ஊறிய மருந்தை எந்தக் கத்தியால் நறுக்குவது?