அரசன் எரித்த காகிதங்கள்

உங்கள் வீட்டில் திருட்டுப் போய்விடுகிறது. "திருடன் யாராயிருந்தாலும் விடாதீர்கள்!" என்று போலீஸாரிடம் சொல்கிறீர்கள். அவர்களும் விசாரித்துக் கொண்டே வந்து, கடைசியில் உங்கள் படுக்கையறைக் கதவைத் தட்டினால்?

பிரான்ஸ் தேசத்துப் பதினான்காம் லூயி மன்னருக்கு இந்தச் சங்கடந்தான் ஏற்பட்டது! ஹென்றி டெக்வான் டைரக்ட் செய்து 1955-ல் வெளிவந்த பிரெஞ்சுப் படம் இந்த விஷ வழக்கைத்தான் கதையாகக் கொண்டது.

பாரிஸில் லா வுவாஸான் என்று ஒருத்தி. கைரேகை பார்ப்பாள், வசிய மருந்து கொடுப்பாள், கேட்டவர்களுக்கு விஷமும் விற்பாள். சொத்துள்ள பெரியவர்களைச் சீக்கிரம் பரலோகம் அனுப்பியதால், விஷத்துக்கு அந்நாளில் 'வாரிசுப் பொடி' என்றே பெயர்!

1679-ல் மன்னர் தனி நீதிமன்றம் அமைத்தார். "அந்தஸ்துப் பாராமல் விசாரியுங்கள்" என்று உத்தரவும் போட்டார். போலீஸ் தலைவர் லா ரேனி அப்படியே செய்தார். 1680 பிப்ரவரி 22-ந் தேதி லா வுவாஸானை ஊரறிய உயிரோடு கொளுத்தினார்கள்.

அதன் பிறகுதான் அவள் மகள் வாயைத் திறந்தாள். அம்மாவிடம் வந்தவர்களில் மான்டெஸ்பான் சீமாட்டியும் உண்டாம்! அவள் யார் தெரியுமா? மன்னரின் ஆசைநாயகி, அவருக்கு ஏழு குழந்தைகள் பெற்றவள். மன்னரின் அன்பு மாறாதிருக்க வசிய மருந்து வாங்கினாள். அன்பு மாறியதும் அவரையே கொல்லத் திட்டமிட்டாள் என்றெல்லாம் வாக்குமூலங்கள் வந்தன. படத்தில் டானியேல் தாரியே சீமாட்டியாகவும், விவியன் ரோமான்ஸ் லா வுவாஸானாகவும் நடித்திருக்கிறார்கள்.

மன்னர் என்ன செய்தார்? 36 பேருக்கு மரண தண்டனை அளித்த நீதிமன்றத்தை 1682-ல் மூடிவிட்டார். சீமாட்டியின் பெயரைச் சொன்னவர்களுக்கு விசாரணையே இல்லை. விசாரித்தால் பெயர் வெளியே வந்துவிடுமே! ஆயுள் முழுவதும் அவர்களைக் கோட்டைகளில் அடைத்தார்கள். சீமாட்டியோ 1691 வரையில் அரண்மனையிலேயே இருந்தாள்.

1709-ல் லா ரேனி இறந்தார். அந்த ஆண்டே மன்னர் வழக்குக் காகிதங்களைத் தீயிலிட்டார். ஆனால் லா ரேனி தம் கைப்பட எழுதி வைத்த குறிப்புகள் தப்பிவிட்டன. அவற்றால்தான் அந்த ரகசியம் இன்று நமக்குத் தெரிகிறது.

சீமாட்டி குற்றவாளியா? எந்த நீதிபதியும் தீர்ப்புச் சொல்லவில்லை. ஒருவேளை அவள் நிரபராதியாயிருந்தால்? அதை நிரூபிக்கவும் வழியில்லாமல் போயிற்று! அவள் மானத்தைக் காப்பாற்றத்தான் மன்னர் கதவைச் சாத்தினார். சாத்திய கதவுக்கு வெளியே சந்தேகம் இன்னும் நின்று கொண்டிருக்கிறது.