ஒளி திரும்பிய சிற்றாலயம்

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், வீடுகளுக்கு நடுவே சன்னலே இல்லாத செங்கல் கட்டடம் ஒன்று நிற்கிறது. கோபுரம் இல்லை, சிலுவை இல்லை, பிறை இல்லை. ரோத்கோ சிற்றாலயம் என்பது அதன் பெயர். உள்ளே எண்கோணக் கூடம். சுவரெங்கும் 14 பெரிய ஓவியங்கள். நுழைந்ததும் எல்லாம் கறுப்பாகவே தெரியும். பெஞ்சில் சற்று நேரம் அமர்ந்தால், கறுப்புக்குள்ளிருந்து நாவற்பழ நிறம் மெல்லத் தலைகாட்டும்.

அன்று

1964இல் கலைப் புரவலர்களான ஜான், டொமினிக் டி மெனில் தம்பதியர் ஓவியர் மார்க் ரோத்கோவிடம் ஓவியங்களைக் கேட்டபோது, மனத்தில் இருந்தது கத்தோலிக்க ஆலயம். வரைய வந்தவர் யூதர். 1971இல் கதவு திறந்தபோதோ அது எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவாகியிருந்தது. அதைக் காண ரோத்கோ இல்லை. முந்தைய ஆண்டே உயிரை மாய்த்துக்கொண்டார்.

நியூயார்க்கில் தம் பட்டறைக் கூரைக் கண்ணாடிக்கடியில் பாராசூட் துணி கட்டி, அதில் வடிந்த வெளிச்சத்தில் வரைந்தவர் அவர். ஹூஸ்டன் வெயிலோ ஓவியங்களைச் சுட்டது. அவற்றைக் காக்கத் தடுப்பு மாட்டினார்கள். கூடத்தில் நிழல் கவிந்தது. பல்லாண்டுகள் மக்கள் கண்டது அந்த மங்கலைத்தான்.

வெளியே குளத்தில் பார்னெட் நியூமனின் 'உடைந்த தூபி' நிற்கிறது. பிரமிடின் உச்சியில், தலைகீழான தூபியின் முனை தொட்டு நிற்கும் எஃகுச் சிற்பம். இதை மார்ட்டின் லூதர் கிங் நினைவாக நகருக்குத் தர டி மெனில் தம்பதியர் முன்வந்தார்கள். கிங்குக்கு அதை அர்ப்பணிக்க நகர நிர்வாகம் இசையவில்லை. சிற்பத்தைத் தாங்களே வாங்கி, கிங்குக்கே அர்ப்பணித்து இங்கே நிறுத்தினார்கள்.

இன்று

2020இல் புதிய கூரைக் கண்ணாடி வந்தது. பழைய தடுப்பு போய், ஓவியங்கள் மேல் பகலொளி இதமாக இறங்குகிறது. 2024இல் பெரில் புயலின் மழைநீர் கசிந்து மூன்று ஓவியங்கள் பழுதாயின. ஆகஸ்டில் மூடிய கதவு டிசம்பரில் மீண்டும் திறந்தது.

இங்கே 1991இல் நெல்சன் மண்டேலா பேசினார். கொலையுண்ட பேராயர் ஆஸ்கார் ரொமேரோ பெயரால் மனித உரிமைப் போராளிகளுக்கு விருது தந்ததும் இதே இடம். உள்ளே மௌனம், வெளியே கிங்கின் தூபி. இரண்டுக்கும் இடையே சில அடிகள்தான். மௌனம் அநீதியிடமிருந்து ஒளிந்துகொள்ளும் இடமன்று என்பதை இந்தச் சில அடிகளே சொல்லிவிடுகின்றன.

நுழைவுக் கட்டணம் கிடையாது. ஹூஸ்டன் செல்பவர்கள், அந்த நாவற்பழ நிறம் தெரியும்வரையாவது அங்கே உட்காருங்கள்.