நடை பயிற்றும் எந்திரம்: நோயாளிகள் கூறுவது என்ன?

பக்கவாதம், தண்டுவடக் காயம், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் போன்ற நரம்பு மண்டலப் பாதிப்புகளால் நடை இழந்தோருக்கு மீண்டும் நடை பயிற்றுவிப்பது கடும் உழைப்பைக் கோரும் பணியாகும். ஒருவரைத் தாங்கி நிறுத்திக் காலெடுத்து வைக்கச் செய்யவே இரண்டு மூன்று பேர் தேவைப்படுவர். விரைவில் அவர்களும் களைத்துவிடுவர். மூளையோ, ஒரே அசைவு பன்முறை நிகழ்ந்தால்தான் இழந்ததை மீண்டும் கற்கிறது. இக்குறையைப் போக்கவே ரோபோ நடைப்பயிற்சி எந்திரங்கள் தோன்றின. சுவிட்சர்லாந்தில் உருவான ‘லோக்கோமேட்’ அவற்றுள் புகழ்பெற்றது. மேலிருந்து தொங்கும் வார்கள் உடல் எடையின் ஒரு பகுதியைத் தாங்க, மோட்டார் பொருத்திய சட்டங்கள் நகரும் பட்டையின்மீது கால்களை நடத்திச் செல்கின்றன.

இதன் பயனை மருத்துவர்கள் நடை வேகத்தாலும் தூரத்தாலும் அளக்கின்றனர். நோயாளிகளின் அளவுகோல் வேறு. பல நாட்கள் சக்கர நாற்காலியிலிருந்து அண்ணாந்து பார்த்தவர், நின்ற நிலையில் பிறர் முகத்தை நேருக்கு நேர் நோக்குவதையே பெரும்பேறாகக் குறிப்பிடுகிறார். விழமாட்டோம் என்னும் துணிவு அடுத்தது. குறைகளும் உண்டு: வார்கள் உரசிப் புண்ணாக்குவது, அளவு பார்த்துப் பூட்டுவதிலேயே நேரம் கழிவது, பயிற்சியாளர் அருகில் இல்லாதபோது எழும் அச்சம்.

‘எந்திரம்தான் நடக்கிறது, நான் நடக்கவில்லை’ என்னும் மனக்குறை தனிக் கவனத்திற்குரியது. இதனை வெறும் சலிப்பென ஒதுக்குதல் தவறு. ஓரளவு நடக்கக்கூடிய பக்கவாத நோயாளிகளிடையே அமெரிக்காவில் நடைபெற்று 2008இல் வெளியான ஓர் ஒப்பீட்டில், எந்திரத்தில் பயின்றோரைவிடப் பயிற்சியாளரின் கையுதவியுடன் பயின்றோரே நடை வேகத்தில் அதிக முன்னேற்றம் கண்டனர். கால் தானே நடத்திச் செல்லப்படும்போது நோயாளியின் சொந்த முயற்சி குறைந்துவிடுகிறது. எனினும், அறவே நடக்க இயலாதவர்களின் நிலை வேறு. பக்கவாதம் கண்ட முதல் மூன்று மாதங்களில் அவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சையோடு எந்திரப் பயிற்சியும் சேரின், துணையின்றி நடக்கும் வாய்ப்பு மிகுகிறது என்பதைக் காக்ரேன் அமைப்பின் 2020ஆம் ஆண்டு ஆய்வுத் தொகுப்பு காட்டுகிறது.

நடையே யாவர்க்கும் முதல் தேவை என்று கொள்வதும் பொருந்தாது. தண்டுவடம் பாதிக்கப்பட்ட 681 பேரிடம் கருத்துக் கேட்டு 2004இல் வெளியிடப்பட்ட ஆய்வில், கைகளும் செயலிழந்தோர் கைப்பயனையே முதலாவதாக வேண்டினர். சிறுநீர், மலக் கட்டுப்பாடு பலருக்கு முதன்மையான தேவைகளுள் இருந்தது. ‘ரீவாக்’ என்னும் உடையணி எந்திரத்தை உருவாக்கிய இஸ்ரேலியப் பொறியியலாளர் அமித் கோஃபர், கைகளும் செயலிழந்தவராதலால், தாம் படைத்த அக்கருவியைத் தாமே பயன்படுத்த இயலவில்லை.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், பார்க்கின்சன் ஆகிய நோய்களையும் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. கழிவுநீர்க் குழிகளைத் துப்புரவு செய்யும் ‘பேண்டிகூட்’ எந்திரத்தை உருவாக்கிய கேரள நிறுவனம் ‘ஜி-கெய்ட்டர்’ என்னும் நடைப்பயிற்சி எந்திரத்தையும் வடிவமைத்துள்ளது. ஆயினும், விலை மிகுந்த எந்திரம் நகர மருத்துவமனையில் நிற்க, கிராமத்து நோயாளி வாரம் பலமுறை அங்குச் சென்றுவர வாகனமும் துணையாளும் தேட வேண்டியுள்ளது. துணை வருபவரின் அன்றைய கூலியும் போகிறது. எந்திரம் வாங்கும் கோப்பில் இச்செலவு பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. எந்நிலை நோயாளிகள், எத்தனை பேர், எவ்வளவு தொலைவிலிருந்து வருவர் என்பதை அவர்களிடமே கேட்டறிந்த பின்னர் ஒப்பந்தப்புள்ளி கோருவதே முறையாகும்.